வாகனம் ஏழு

கொட்பே துறைமுகத்தில்
கடைசிப் பெட்டியை மூடும் முன்
சூரைகளின் மேலே
ஒரு வெப்பப்பதிவு மானியை வைத்தேன்.
தீப்பெட்டியளவு.
ஐந்து நிமிடத்துக்கொரு தரம்
எனக்காக அது விழித்துப் பார்க்கும்.

"குண்டா மிஸ்?" என்றான் முஸம்மில்.
பகிடிதான்.
ஆனாலும் வாயிற்காவலாளி
ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.
இல்லை, இது என் முதுமாணிப் பட்டம் என்றேன்.
கதவை அறைந்து கொளுக்கியை மாட்டினான்.

வகுப்பில்
வழங்கல் சங்கிலி என்பது
ஆறு பெட்டிகள், ஐந்து அம்புக்குறிகள்.
அம்புகள் எல்லாம் இடமிருந்து வலம்.
எந்த அம்புக்கும் நித்திரை வராது.
கந்தளாய்க் குளக்கட்டருகே
எந்த அம்பும் ஒன்றுக்கு இறங்காது.

மூன்றாம் நாள்
பேருந்து நடத்துநர் கையில்
பொட்டலமாய்த் திரும்பி வந்தது மானி.
கணினியில் செருகினேன்.

ஒன்பது மணிக்கு இரண்டு பாகை.
கந்தளாய் தாண்டும் வரை
உள்துறைமுகத்துத் தண்ணீர் மாதிரிக்
கோடு அசையாமல் கிடந்தது.
ஹபரணையில் தலை தூக்கியது.
தம்புள்ளையில் ஆறு.
கலேவெலவில் ஒன்பது தசம் நான்கு.
வறக்காப்பொலைக்குப் பிறகு சரசரவென இறங்கி
பேலியகொடையில் கதவு திறக்கையில்
மூன்று.
ஒழுக்கமான மூன்று.

அது பெட்டிக்குள் இருந்த காற்றின் வெப்பம்.
முள்ளோடு ஒட்டிய சதைக்குள் என்ன நடந்ததென்று
அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆறு பயணம் வைத்துப் பார்த்தேன்.
ஆறிலும் அதே இடத்தில் அதே மேடு.

சீனக்குடாச் சந்தித் தேநீர்க் கடையில்
பணிசைப் பிய்த்தபடி சொன்னான்:
"மொதலாளி டீசல அளந்துதான் தாறாரு மிஸ்.
கூலர் மெசின் விடிய விடிய ஓடினா
குருநாகல்ல லொறி நிண்டிடும்.
மிச்சத்த நான்தான் போடணும்."
ஒளித்துச் சொல்லவில்லை.
பணிசின் விலையைச் சொல்வது போலச் சொன்னான்.
பிறகு, ஏதோ ஆறுதலுக்கு:
"அந்த நேரம் யன்னலத் திறந்து விடுவன்.
காட்டுக் காத்து, நல்ல குளிர்."

என் வினாக்கொத்தில் முப்பத்துநான்கு கேள்விகள்.
முற்றாக உடன்படுகிறேன்,
உடன்படுகிறேன்,
கருத்தில்லை.
டீசலுக்கு யார் காசு கொடுப்பது என்று
ஒரு கேள்விகூட இல்லை.

மேற்பார்வையாளர் மின்னஞ்சல் அனுப்பினார்:
வாகன இலக்கத்தைக் குறிப்பிடுக.
அனுமதிக் கடிதம் தந்தவர் முதலாளி.
ஆய்வு முடிந்ததும்
தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று
கடைசி வரியில் எழுதியிருந்தார்.

அந்த ஒன்பது தசம் நான்கை
கொழும்பில் யாரோ பொரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.
ஒரு பிள்ளைக்கு உதடு தடித்திருக்கலாம்.
கழுத்துச் சிவந்து
எறும்பு கடித்ததென்று நினைத்திருக்கலாம்.
ஹிஸ்டமின் கொதிநீரில் சாகாது.
அதை நான் பரீட்சையில் எழுதி
புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

ஆகவே மேட்டை அழிக்க முடியாது.
முஸம்மிலையும் அழிக்க முடியாது.

இரண்டு இரவு கழித்து
'வாகனம் ஏழு' என்று எழுதினேன்.
அந்த முதலாளியிடம் இருப்பது நாலே லொறி.
ஏழாவது எங்கிருந்து வந்ததென்று
வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.
கேட்கட்டும்.
பதில் இன்னும் என்னிடமில்லை.

பிறகு வரைபடத்தின் கிடையச்சில்
'மணி' என்றிருந்ததை எடுத்துவிட்டு
'லீற்றர்' என்று போட்டேன்,
ஒரு பயணத்துக்குத் தேவையானது,
ஒரு பயணத்துக்குக் கொடுக்கப்பட்டது.
மேடு அப்போது மேடாகத் தெரியவில்லை.
யாரோ தோண்டி வைத்த
பள்ளமாகத் தெரிந்தது.

முதலாளிக்குப் போகும் பிரதியில்
அந்தப் பக்கத்தைத்தான் முதலில் வைத்திருக்கிறேன்.
இன்னும் அனுப்பவில்லை.

இன்றும் ஒன்பது மணிக்கு லொறி புறப்படுகிறது.
பெட்டிக்குள் என் மானி இல்லை.
டீசல் அதே அளவு.