நாலாவது தூண்

வியாழக்கிழமை ராத்திரி எட்டே முக்காலுக்கு
மார்த்தாள் சபையின் டெம்போ
பழைய பஸ் ஸ்டாண்டு வாசலில்
பின்பக்கமாக வந்து நிற்கும்.
மிக்கேலம்மா குண்டானைத் திறந்தால்
தக்காளிச் சாதத்தின் வாசனை
மூத்திர வாடையைப் பத்தடி தள்ளி நிறுத்தும்.
நான் பரிமாறுவதில்லை. கணக்கு என் வேலை.
சாப்பாடு நூற்றிருபது, முட்டை நூற்றிருபது,
போர்வை கேட்டவர் ஒன்பது, கொடுத்தது நான்கு.
லீ பஜார் மளிகைக்கு எவ்வளவு பாக்கி என்பது
ஆண்டவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

மலைக்குளிர் ஊருக்குள் இறங்கியிருந்த
மார்கழி ராத்திரி ஒன்றில்
பாவாயி சாப்பிட்டாள், கை கழுவினாள்,
மடி முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.
பத்து ரூபாய்த் தாள். ஒரு ரூபாய்க் காசு.
"எழுதிக்க."

எதை?

"மொய்யி.
பந்தியில உக்காந்து தின்னுட்டு
கையை வீசிட்டுப் போவாங்களா?"

வேண்டாம், வைத்துக்கொள் என்றேன்.
"அப்ப நீங்க கூப்புடலயா? நானாத்தான் வந்தனா?"
என்றாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.

பெயர்?
பாவாயி.
இனிஷியல்?
"அவங்க யாரும் காசு குடுக்கலயே."
முகவரி?

அங்கே நின்றது என் பேனாதான், அவள் இல்லை:
"ஏற்காடு பஸ் நிக்குதில்ல, நாலாவது தூணு.
வடக்குப் பக்கம்னு போடு.
தெக்கால காசி படுக்கறான்,
கடுதாசி மாறிப் போயிரும்."

ஞாயிறு பூசையில் சாமியார் அதைப் பிரசங்கமாக்கினார்.
ஏழைக் கைம்பெண், இரண்டே காசு.
பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம்.
எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது:
வேதத்தில் வரும் அந்த அம்மாளுக்கு
யாரும் ரசீது போடவில்லை.
பாவாயியிடம் சொன்னபோது வேறொன்று தெரிந்தது.
"யாரு கைம்பெண்டு?
எம் புருசன் அரூருல நல்லாத்தான் இருக்கான்.
அவளோட."

ஜவ்வரிசி வந்த பிளாஸ்டிக் பையில்
ரசீதுகளை மடிக்காமல் வைத்திருந்தாள்.
லத்தியால் தூணைத் தட்டி எழுப்பிய போலீஸ்காரர்
டார்ச் வெளிச்சத்தில் ஒன்றை வாங்கிப் படித்தாராம்.
கரண்டி பிடித்த மார்த்தாள், வட்ட முத்திரை,
கீழே என் கையெழுத்து.
தூணை எண்ணிப் பார்த்துவிட்டு
ஐந்தாவதைத் தட்டப் போனாராம்.
பெரியாஸ்பத்திரிச் சீட்டுக்கும் அதே காகிதம்தான்.
எழுதுகிற பெண் நிமிராமலே
அப்படியே பார்த்து எழுதினாளாம்:
நாலாவது தூண், வடக்கு.

மார்ச் முடிந்தது.
அஞ்சு ரோட்டு ஆடிட்டர்
சிவப்புப் பேனாவில் பதினேழு சுழி சுழித்திருந்தார்.
முகவரி ஏற்கத்தக்கதல்ல. விளக்கம் தேவை.

எழுதினேன்:
ஐயா, மேற்படி நன்கொடையாளர்
மேற்படி முகவரியில் வசிப்பதை
நான் நேரில் சென்று பார்த்தேன்.
ஏற்காட்டுக்குக் கடைசி பஸ் போன பிறகு
விடியற்காலை ஐந்து மணி வரை
அவரை அங்கே சந்திக்கலாம்.
மேற்கேயிருந்து மழை வந்தால் மட்டும்
வீட்டில் இருக்க மாட்டார்.

பதில் இன்னும் வரவில்லை.

போன வியாழன் அவள் பின்னால்
ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.
உள்ளங்கையில் அஞ்சு ரூபாய், வேர்வையில் நனைந்து.
"காசி" என்றாள். "இவனுக்கும் ஒண்ணு எழுது.
விலாசம் தெரியுமில்ல? அதே தூணு, தெக்கு.
எனக்குப் பக்கத்து வீடு."

பேனாவில் மை வரவில்லை.
உதறினேன், மறுபடி உதறினேன்,
கார்பன் தாளைத் திருப்பி வைத்தேன்.
"மொள்ள எழுது" என்றாள் பாவாயி,
"என்ன அவசரம்,
கடைசி பஸ்ஸூ போயிருச்சு."