நாலு உழவுக்கு மேலே

குழு ஆரம்பித்த அன்று
நாற்பது பேர் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள்.
மூன்றாம் மாதம் இருநூற்றுப் பதினொரு பேர்.
என் போன் முழுக்க ரோஜாப்பூ,
ஏகாதசி வாழ்த்து, மூட்டுவலிக்கு எண்ணெய்,
ஆத்தூர் பக்கம் மனை விற்பனை.
மழையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.
மழைக்காகத்தான் ஆரம்பித்தது.

ஏற்காட்டு மலையில் பெய்வது
குகைப் பாலத்துக்கு வந்து சேர
எத்தனை மணி நேரம் ஆகும்?
என் ஜெராக்ஸ் கடை பாலத்தை ஒட்டி.
பேப்பர் கட்டுகள் அடித்தட்டில்.
எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆள் சேர்ப்பது கஷ்டமில்லை.
ஐந்து ரோடு சிக்னலில் கூடத்தான்
நிமிஷத்துக்கு இருநூறு பேர் சேருகிறார்கள்.
பச்சை விழுந்ததும் பாருங்கள்.

ஒரு ராத்திரி எழுதிப் போட்டேன்:
வாயும் அடியும் ஒரே அகலத்தில் ஒரு டப்பா.
அதில் ஒரு ஸ்கேல்.
காலை எட்டரைக்கு ஒரு எண்.
ரோஜாப்பூ கூடாது.
விடிவதற்குள் எழுபத்து மூன்று பேர் வெளியேறினார்கள்.
அதில் ஒருவர் என் சொந்தச் சித்தப்பா.
இன்னும் பேசுவதில்லை.

முதல் எண் கிச்சிப்பாளையம் நூர்ஜகானுடையது: 0.
மறுநாளும் 0.
சித்திரை மாதம்.
பூஜ்யம் என்று எழுதுவதற்காக
ஒருத்தி தினமும் மொட்டைமாடி ஏறி இறங்குகிறாள்,
அவளுக்கு என்ன பதில் போடுவது?
"பார்த்தேன் நூர்ஜகான்" என்று போட்டேன்.
தினமும் போட்டேன், பேர் சொல்லி.
பார்த்தேன் ரொசாரியோ சார்,
டப்பாவில் விழுந்த பல்லியையும் பார்த்தேன்.

ஆடியில் எனக்கு டைபாய்டு.
ஒன்பது நாள் கழித்துப் போனைத் திறந்தால்
அவர்களுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கொஞ்சம் சந்தோஷம்.
கொஞ்சம், சொல்ல வெட்கம், வருத்தம்.

நாகலூரில் ரொசாரியோ சார்
சில்வர் ஓக் மரத்தடியில் டப்பா வைத்திருப்பதாக
யாரோ கண்டுபிடித்தார்கள்.
அது மழையா, மரம் சொட்டுவதா?
இரண்டு நாள் சண்டை.
மூன்றாம் நாள் டப்பாவை நகர்த்திவிட்டு
போட்டோ போட்டார், முகம் தெரியாமல்.
ஒருத்தரும் வெளியேறவில்லை.

வெள்ளச்சி, கொட்டச்சேடு.
பதினொரு மாதமாக ஒரு எண் இல்லை, ஒரு சொல் இல்லை.
எல்லாவற்றையும் படித்ததற்கு நீல டிக் மட்டும்.
நீக்கிவிடலாம் என்று
இரண்டு தடவை விரல் வைத்தேன்.

ஐப்பசி. ராத்திரி இரண்டு பத்து.
"நாலு உழவுக்கு மேல பேஞ்சிருச்சு.
இன்னும் நிக்கல.
மில்லிக் கணக்கு எனக்குத் தெரியாது.
இங்க போடலாமா?"

எழுந்து உட்கார்ந்தேன்.
எனக்கு முன்னால் நூர்ஜகான் போட்டிருந்தாள்:
"பார்த்தேன் வெள்ளச்சி.
தையல் மெஷினைக் கட்டில்மேல ஏத்துறேன்."
அப்புறம் வரிசையாகக் கரையோரத்து ஆட்கள்.
குழுவில் இல்லாத வீட்டுக் கதவுகளையும்
யாரோ தட்டிக்கொண்டு போனார்கள்.

நான் பேப்பரை மேல்தட்டுக்கு ஏற்றினேன்.
தண்ணீர் ஐந்தே முக்காலுக்கு வந்தது.
கடைப் படியில் இரண்டு ஏறி,
மூன்றாவதைத் தொட்டுப் பார்த்துவிட்டு
இறங்கிப் போய்விட்டது.

எட்டரைக்கு அறுபத்தெட்டு எண்கள்.
நடுவில் நான் கேட்டேன்,
ஏன் இத்தனை நாள் எதுவும் போடவில்லை?
"எண்ணு போடச் சொன்னீங்க.
எங்களுக்கு உழவுதான.
கலப்பை எறங்குற ஈரம்.
அது இங்க செல்லுமான்னு தெரியல."

விதி என்று நான் எழுதியதைத் திறந்து
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"ஒரு எண்" என்பதை அடித்துவிட்டு
"உங்கள் கணக்கில்" என்று மாற்றினேன்.

ஒரு உழவு என்றால் எத்தனை மில்லி?
ரொசாரியோ சார் ஒன்று சொல்கிறார்.
செம்மண்ணுக்கு ஒன்று, கரிசலுக்கு ஒன்று
என்கிறாள் வெள்ளச்சி.
ஆறு மாதமாக முடியவில்லை.

இன்று பங்குனி இருபது.
குகை: 0.
நாகலூர்: 0.
கொட்டச்சேடு: "தூசி அடங்குன அளவு."
பார்த்தேன்.