கண்ணாடி அறையில் இருநூறு வரை

"மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்"
என்று சொல்லித்தான் எழுவேன்,
பேனாவை மேசையிலேயே விட்டுவிட்டு,
திரும்பி வருவேன் என்பதற்கு அடமானம் போல.

கண்ணாடி அறை. திரை பாதி இறங்கியிருக்கும்.
வெளியிலிருந்து என் முதுகு தெரியும்,
கைகள் ஆடுவது தெரியும்:
உங்களுக்காக ஒருவன் மன்றாடுகிறான்.
உள்ளே காலி நாற்காலி.
செவ்வாய்தோறும் கிரெக் டெட்ராய்ட் ஏலத்துக்குப் போய்விடுவார்.
அவர் நாற்காலியிடம் கையாட்டிக்கொண்டே
இருநூறு வரை எண்ணுவேன்.
சுவரில் ஈரி ஏரியில் அவர் பிடித்த மீன்,
கீழே அட்டையில் எடை.
அதுவும் கூட்டி எழுதியதுதான்.

நூற்றைம்பதிலேயே தளர்ந்துவிடும் பல முகங்கள்.
குழந்தைக்குப் பசிக்கும்.
வந்த இடத்துக்குப் பனியில் திரும்பிப் போகத் தெம்பிருக்காது.
டோலிடோவில் இருபது வருடமாக
காத்திருப்பைத்தான் விற்கிறேன் நான்;
வண்டி அப்புறம்.

போன சனிக்கிழமை ட்ரென்ட் மஹஃபி வந்தான்.
இருபத்திரண்டு வயது.
கண்ணாடி ஆலையில் வேலை கிடைத்து ஆறு வாரம்.
சாம்பல் நிற செடானைச் சுற்றி வந்து
சக்கரத்தை ஒரு உதை உதைத்தான், யாரோ சொல்லிக்கொடுத்தபடி.
பிறகு கேட்டான்:
"மாசம் எவ்வளவு வரும்?"

அந்தக் கேள்வி கேட்டவனுக்கு
விலை சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.
மாதங்களை எண்பத்து நான்காக இழுத்தேன்,
மாவு போல, கிழியாமல்.
வண்ணப் பூச்சுக்குப் பாதுகாப்பு. இருக்கைக்குப் பாதுகாப்பு.
டயரில் நைட்ரஜன், நூற்றுத் தொண்ணூற்றொன்பது டாலர்;
அவன் அப்போது மூச்சில் இழுத்ததில் முக்கால் பங்கு அதுதான்,
இலவசமாக.
கையைப் பிடித்துக் குலுக்கினான்.
திங்களன்று ஒரு பெட்டி டோனட் கொண்டுவந்து கொடுத்தான்.
நான் இரண்டு தின்றேன்.

செவ்வாய். ரமோனா ப்ரூயிட்.
பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் குளம்.
அதே செடான், அதே சாம்பல்,
ஆலையில் அடுத்தடுத்துப் பிறந்த எண்.
தாளை நான்கு கட்டமாகக் கோடிட்டேன்.
அவள் அதைப் பார்க்கவில்லை.
"இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம்" என்றாள்,
ஒரே ஒரு முறை.
கிண்ணத்திலிருந்து ஒரு புதினா மிட்டாயைப் பிரித்து
வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் எழுந்தேன். பேனா மேசையில்.
எண்ணினேன். கைகளை ஆட்டினேன்.
திரும்பி வந்து பெருமூச்சு விட்டேன்:
"கிரெக் ஒத்துக்கொள்ளவே இல்லை.
ஆனாலும் உங்களுக்காக நானூறு—"

"மீன் மேல தூசி படிஞ்சிருக்கா?"

"என்னது?"

"வாலுக்கு எட்டலை எனக்கு. ஏணி கேட்டிருக்கேன்.
ஆறு வருஷமா ராத்திரி பத்து மணிக்கு
இந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிறேன் சாபோ.
செவ்வாய்க்கிழமை அந்த மேசையில
ஒரு காப்பிக் கறைகூட இருக்காது."
மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.
"ஆலை விலைச் சீட்டை நீங்க கிழிக்காமலே போடுறீங்க."

கிரெக்குக்கு நிஜமாகவே போன் போட்டேன்.
ஒன்பது நொடி.
"சரி" என்றார், பின்னால் ஏலக்காரன் கத்தலுக்கு நடுவே.

இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது டாலர்:
ஒரு வண்டிக்கும் அதே வண்டிக்கும் இடையில்.
எண்பத்து நான்கால் வகுத்தேன்.
மாதம் இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் குறைவு.
ஒரு பீட்சா, கொண்டுவருகிற பையனுக்கு டிப்ஸ்.
ட்ரென்ட் கேட்டிருந்தால் இப்படித்தான் சமாதானம் சொல்லியிருப்பேன்.
அவன் கேட்கவில்லை.
வீதியில் எதிரே வந்தால் ஹாரன் அடிக்கிறான், சந்தோஷமாக.

மூடும் நேரம்.
குப்பைத் தொட்டியில் மேலாகக் கிடந்தது
ஒரு வேனின் விலைச் சீட்டு.
நாளைக் காலை அதைப் பார்க்க வருகிறார்கள்
வயதான ஒரு தம்பதி; போனில் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள்.
எடுத்தேன். கிழிக்க இரண்டு விரல் வைத்தேன்.

கசங்கலை நீவிவிட்டு
எழுத்து மேலே தெரிய
அப்படியே திரும்பப் போட்டேன்.
விளக்கை அணைத்தபோது மணி ஒன்பது ஐம்பது.
வாசலில் ஒரு சாம்பல் வண்டி நின்று
விளக்கை அணைத்தது.