மூன்று விரல்

கணக்கெடுப்பின் இரண்டாம் நாள்.
பெரும்பாறைக்குக் கீழே
மிளகுக்கொடி முடிந்து காடு தொடங்கும் இடத்தில்
ஈர மண்ணில் ஒரு தடம்.
பக்கத்தில் என் கையை விரித்து வைத்தேன்.
கை சிறியது.

“நெருப்புக்கோழி சார்” என்றார் வாட்சர் பூச்செண்டு.
சாணத்தைத் தொட்டு
யானை போன நேரம் சொல்கிறவர்.
நெருப்புக்கோழிக்கு விரல் இரண்டு, இது மூன்று
என்றேன், புத்தகம் படித்த வாயால்.
“இருக்கட்டுமே. இதுக்கு ஒண்ணு கூடுதல்.”

உட்கார்ந்திருந்தோம்.
என் கணுக்காலில் அட்டை ஏறியது.
புகையிலைத் தூள் தடவினார்.
பிறகு உண்ணிச்செடிப் புதர் காற்றில்லாமல் அசைந்து
அதிலிருந்து ஒரு கழுத்து எழுந்தது.
நீலம்தான். மயிலின் நீலம் இல்லை,
ஆறாத புண்ணுக்குப் பூசிய மருந்தின் நீலம்.
உடம்பு, மழையில் ஊறிய வைக்கோல்போர்
கால் முளைத்து வருகிற மாதிரி.

ஈமு.
கீழே கம்பெனி மூடிய வருடம்
யாரோ வேலியைத் திறந்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.
யாருடைய மகள் கல்யாணத்துக்குப் போட்ட பணமோ
மலை ஏறி வந்து நிற்கிறது.

பைனாகுலர் தேவைப்படவில்லை.
அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.
காட்டில் பார்ப்பது என்றால்
அது ஓட வேண்டும், நாம் மூச்சடக்க வேண்டும்.
இதுவோ நேராக எங்களிடம் வந்தது.
பூச்செண்டு தூக்குவாளி மூடியை
ஒரே ஒரு தட்டு தட்டினார்.
தலை சாய்ந்தது.
பசியில்லை அதற்கு,
அலகெல்லாம் உண்ணிப்பழக் கறை.
பழக்கம்தான் வந்து நின்றது.
என் சட்டையை நெடுநேரம் படித்தது.
வெடுக்கென்று ஒரு கொத்து.
மேலிருந்து நான்காவது பொத்தான்.
விழுங்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது.

படிவத்தில் நாற்பத்தாறு பெயர்.
காட்டுக்கோழி, மரகதப்புறா, சிரிப்பான்.
கடைசியில் ‘பிற’ என்று அரை வரி.
எண்ணிக்கை ஒன்று என்று எழுதினேன்.
காட்டு உயிரா, வளர்ப்பா என்று
அடுத்த கட்டம் கேட்டது.
மை காய்ந்துபோகும் வரை பேனாவைப் பிடித்திருந்தேன்.

இரவு, முகாமின் தகரக் கூரையில் மழை விட்டபின்
பள்ளத்திலிருந்து
காலி டிரம்மை உள்ளங்கையால் அடிக்கிற சத்தம்.
டும். கொஞ்சம் பொறுத்து, டும்.
பெட்டைதான் இப்படி முழங்கும் என்றேன்.
“யாரைக் கூப்பிடுது?”
புத்தகத்தில் பதில் இருந்தது.
சொல்லவில்லை.
விறகு இருக்கிறதா என்று கேட்டேன்.

காலையில் பாதையில் ஒரு பழைய எச்சம்,
கறுத்து, காய்ந்து,
அதன் நடுவே நான்கு நாவல் கன்றுகள்
இரண்டிரண்டு இலையோடு.
பூச்செண்டு ஒன்றும் சொல்லாமல்
பக்கத்தில் ஒரு குச்சியை நட்டார்,
என் பூட்ஸ் படாமல் இருக்க.

மூன்றாம் நாள் பாதை மேடேறியது.
பொத்தான் இல்லாத இடத்தில்
குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.