இருநூறு சொற்களுக்கு மிகாமல்

கையெழுத்து இருபது கேபிக்குள் இருக்க வேண்டுமாம்.
என்னுடையது நாற்பத்தாறு.
"பிடிச்சிடலாம்க்கா" என்றான்
அஸ்தம்பட்டி பிரவுசிங் சென்டர் பையன்,
தையல்காரர் ரவிக்கையைச் சொல்வதுபோல.

பன்னிரண்டாம் வகுப்பில் நான் கு. மாதேஸ்வரி.
நர்சிங் கவுன்சிலில் மாதேஸ்வரி கு.
ஆதாரில் மாதேஷ்வரி.
மூவரும் ஒரே ஆள்தான் என்று
நோட்டரி ஒருவர் முந்நூறு ரூபாய்க்கு நம்பினார்.

கல்லூரிகள் மூன்று,
டியூட்டி ரோஸ்டரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.
ஒன்றில் உதவித்தொகை உண்டு, ஊர் தூரம்.
ஒன்று பக்கம். அதன் கட்டணத்தைப் பார்த்த தீர்த்தகிரி
தாளைத் திருப்பிவிட்டு
மறுபடி திருப்பிப் பார்த்தான்.
சேகோ ஆலையில் தரம் பார்ப்பவன்.
உள்ளங்கையில் நாலு மணியை உருட்டி
"இது தண்ணி குடிச்சிருக்கு" என்பான்.
மூன்றாவது கல்லூரியின் வழவழப்பான கையேட்டையும்
அப்படித்தான் வெளிச்சத்தில் பிடித்தான்.
"சிரிக்கிற போட்டோ நிறைய இருக்கு.
ராத்திரி எடுத்தது ஒன்னாச்சும் இருக்கா?"

இல்லை.

டெல்பின் சிஸ்டர் மருந்துத் தட்டைத் துடைத்தபடி சொன்னாள்:
"போய்ப் படிச்சிட்டு வா.
ரெண்டு வருஷம் கழிச்சு இதே நாற்காலி, இதே சம்பளம்,
டாக்டர் எழுதுற இதே ஆர்டர் நோட்டு.
உன் படிப்புக்குன்னு ஒரு போஸ்ட்
இந்த மலையில எங்கடி இருக்கு?"
பொய் ஒன்றும் இல்லை அதில்.
ஐந்தாம் பெட்டுக்கு டிரிப் மாற்றப் போனேன்.

'இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன?
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.'

தீவிர சிகிச்சையில் ஆர்வம், என்று அடித்தேன்.
அழித்தேன்.

மாசி மாதம். சில்வர் ஓக்கில் ஏணி சாய்த்து
மிளகு பறித்த அர்த்தனாரி
சாயங்காலம் விழுந்து, ஒன்றுமில்லை என்று
நடந்தே வீட்டுக்குப் போய்
நடுராத்திரி வந்தார்.
சேலத்துக்கு இறக்கச் சொன்னார்கள்.
நூற்றியெட்டில் கூட ஏறினேன்.
இருபதாவது வளைவில் இடது நெஞ்சு எழும்பவில்லை.
மூச்சுக்குழல் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது.
எந்த ஊசி, எந்த விலா இடுக்கு, எவ்வளவு ஆழம்
எல்லாம் தெரியும் எனக்கு.
போடு என்று சொல்ல ஒருவர் வேண்டும்.
போனில் டவர் இல்லை.
பத்தொன்பது. பதினெட்டு.
ஊசியின் உறையைப் பிரித்துவிட்டேன்.
பதினாறில் உதடு நீலம்.
ஓட்டுநர் பரந்தாமன் திரும்பவே இல்லை,
ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்.
பதினொன்றில் சிக்னல்.
தூக்கம் கலையாத குரல் ஒன்று "போடுங்க" என்றது.
சைக்கிள் வால்வைப் பிடுங்கியதுபோல
உஸ்ஸென்று காற்று.

பிழைத்துக்கொண்டார்.
போன மாதம் புறநோயாளிப் பிரிவில் என்னிடம் வந்து
சீட்டு எங்கே வாங்குவது என்று கேட்டார்.
காட்டினேன்.

ஒன்பது வளைவு.
அந்தப் பெட்டியில் அவ்வளவுதான் எழுத இருந்தது.
சேர்க்கைக் குழுவில் யார் ஏற்காட்டுக்கு வந்திருப்பார்கள்?

மூன்று கல்லூரிக்கும் போன் போட்டேன்.
ஒன்றில் வெப்சைட்டைப் பாருங்கள் என்றார்கள்.
ஒன்றில் பாட்டு ஓடியது, ஓடியது.
தூரத்து ஊர்க் கல்லூரியில்
வார்டுக்கே இணைப்பு போய்
படிக்கிற பெண் ஒருத்தி எடுத்தாள்.
கொட்டாவியோடு பேசினாள்.
"ராத்திரிக்கு ஆறு பெட்டுக்கா. பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன்.
ஆனா ஆர்டர் நான்தான் எழுதறேன்.
டாக்டர் கீழ கையெழுத்து போடுவாரு.
இருங்க, அலாரம் அடிக்குது."
வைத்துவிட்டாள்.
பெயர்கூடக் கேட்கவில்லை.
மற்ற இரண்டையும் ரோஸ்டரில் அடித்துவிட்டேன்.

பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை.
"வரும்க்கா, சில சமயம் லேட்டாகும்" என்றான் பையன்.
ராத்திரி டியூட்டி. மலை பஸ்ஸில் நின்றுகொண்டே ஏறினேன்.
பதினொன்றுக்கு மேல் டவர் கிடையாது,
வந்தால் அதற்குள் வர வேண்டும் என்று
போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.
நாலாவது வளைவிலேயே வந்துவிட்டது.
விண்ணப்பதாரர்: மாதேஷ்வரி.
ஷ-வோடு.
இருக்கட்டும்.
பக்கத்திலிருந்தவர் குளிர்கிறது என்று
ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.
பாதி சாத்தினேன்.