காற்று எந்தப் பக்கம்

நூற்றிப் பதினேழு, தபித்தாள் ஞானையா
என்று ஒலிபெருக்கி அழைக்கிறது.
முதுகில் எண் குத்தாமலே
ஓர் எண்ணாகி எழுந்து போகிறேன்.

டாக்டர் சின்னப்பெண்.
திரையில் என் இடுப்பெலும்பு
மணல் அள்ளிய பாலாறுபோல
அங்கங்கே கருத்துக் கிடக்கிறது.
"வயசு நாப்பத்தொண்ணு. எலும்புக்கு எழுபது.
என்ன வேலை பார்த்தீங்க?"

சைக்கிள் ஓட்டினேன்.

"எக்சர்சைஸ் கேக்கலைங்க. வேலை."

அதுதான் வேலை, பதினொரு வருடம்.
ரயில்வே சம்பளம் கொடுத்தது.
இப்போது காட்பாடியில் முன்பதிவு ஜன்னல்,
மதிய ஷிப்ட்.

அவளிடம் சொல்லாதது:
நாலு மணிக்குக் கிளம்பினால்
ராணிப்பேட்டையை மூக்கு முதலில் சொல்லும்,
வாலாஜாவில் விடியும்.
கத்திரி வெயிலில் தார் இளகி
கடன்காரன் மாதிரி டயரைப் பிடித்து இழுக்கும்.
ஆம்பூருக்குத் தோல் ஏற்றிப்போகும் லாரியின் பின்னால்
ஒரு முழம் விட்டு ஒட்டிக்கொண்டால்
காற்று நுழையாத ஓர் அறை கிடைக்கும்.
நாற்றம்தான் அதற்கு வாடகை.
பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரை குடியிருக்கலாம்.

அணியில் என் வேலை ஜெயிப்பது அல்ல.
சரப்ஜோத் ஜெயிக்கவேண்டும்.
அதற்கு நான் அவளுக்கு லாரி.
பின்னால் வரும் காருக்குப் போய்
ஏழு பாட்டில் வாங்கிச் சட்டைக்குள் செருகி
சினை மீனாய் முதுகும் வயிறும் புடைக்க
நாற்பது பேரைத் தாண்டித் திரும்புவேன்.
அவள் குடித்துவிட்டு எறிவாள்.
நன்றி சொல்ல மூச்சு இருக்காது,
எனக்கும் அது தேவைப்பட்டதில்லை.

பிகானீர் பக்கம், முடிய இன்னும் பதினாலு கிலோமீட்டர்.
அவள் முன்சக்கரம் படுத்துவிட்டது.
காரைக் காணோம்.
என்னுடையதைக் கழற்றி மாட்டிவிட்டேன்,
பதினெட்டு நொடி.
போனாள்.

ஒற்றைச் சக்கர சைக்கிளைப் பிடித்தபடி
கடுகு வயலோரம் நின்ற என்னிடம்
ஒருவர் வந்து கேட்டார்,
திருடிவிட்டார்களா என்று.
விளக்கும் அளவுக்கு இந்தி இல்லை.
ஆமாம் என்றேன்.

மறுநாள் பேப்பரில்
முதலில் கோட்டைத் தொடுகிறது
என் சக்கரம்.

"அதாங்க," என்கிறாள் டாக்டர்,
"சைக்கிள் உங்களைச் சுமந்துது.
எலும்புக்கு வேலையே இல்லாமப் போச்சு.
நடங்க. எதையாவது தூக்கிட்டு நடங்க."

ஏழு பாட்டில் தூக்கினேனே.

"அதையும் சைக்கிள்தான் தூக்குச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
காறையெலும்பில் வைத்த இரும்புத் தகடு
சிரித்தால் இன்னும் சின்னதாகக் குத்தும்.

மார்க்கெட்டில் முள்ளுக்கத்தரி
இந்தக் கைக்கு இரண்டு கிலோ, அந்தக் கைக்கு இரண்டு கிலோ.
எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தாலும்
ஒரு வாரம் ஓடும், தனி ஆளுக்கு.
பரவாயில்லை, இது மருந்து.

பாலாற்றுப் பாலத்தில் ஆடி மாதம்.
அம்மியே பறக்கும் என்பார்கள்.
அம்மியைவிட லேசானவள் நடக்கிறேன்.
ஆட்டோக்காரர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள்.
கீழே தண்ணீர் இல்லை,
சீமைக்கருவேலமும் இரண்டு எருமையும்.

காற்று எந்தப் பக்கம் என்று
மூளை கேட்பதற்குள்
தோள் சொல்லிவிட்டது: மேற்கு.
காட்பாடி நோக்கிப் போகிறவளுக்கு
இடப்பக்கம்.

திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் யாருமில்லை.

பையைக் கை மாற்றிக்கொண்டு
கைப்பிடிச் சுவரை ஒட்டி
இடப்பக்கமாக ஒதுங்கி நடந்தேன்,
வலப்பக்கம்
ஓர் ஆள் வருகிற அளவுக்கு
இடம் விட்டு.