பப்படச் சோதனை

"தண்ணி பூராது" என்றார் காத்தான்குடிக் கடைக்காரர்,
மூன்று பைகளுக்கும் அதே குரலில்.
முதலாவது கறுப்பு றெக்சின், இரண்டு பக்கமும் தொங்குவது,
கழுதைக்குப் பொதி ஏற்றினது மாதிரி.
அடுத்தது ஃபைபர் பெட்டி,
சாப்பாட்டுப் பார்சல் பொடியன்கள் பூட்டுகிறது.
மூன்றாவதைத் திறக்கவே விடவில்லை.
உறை கிழிந்தால் விலை போகாதாம்.

"ஆரு ஓட்டப் போற, மாப்பிள்ளையா?"
"நான்."
ஒன்றும் பேசாமல் வெளியே வந்து
என் பைக்கின் பின்சீட்டைச் சாணால் அளந்தார்.
மறுகா மெல்லச் சொன்னார்:
"புள்ள, துணியால தண்ணி வராது.
ஸிப்பால வரும். தையலால வரும்."
அந்தச் சொல்லுக்காக அவரிடம் ஒரு ரெயின்கோட் வாங்கினேன்.
பை வாங்கவில்லை.

எனக்கு லீவு மார்கழியில்.
மழைக்கு வேலையும் மார்கழியில்.
கல்லடியில் வெளிக்கிட்டு வாகரை, வெருகல், மூதூர்,
புல்மோட்டை தாண்டி முல்லைத்தீவு,
பருத்தித்துறையில் ஒரு தேத்தண்ணி,
மன்னாரால் கிறுகி வீடு.
எட்டு நாள், இரண்டு பைக்.
மற்றது சுபோதினியுடையது.
அவளுக்குச் சொப்பிங் பைக்குள் சொப்பிங் பை,
அதற்குள் இன்னொன்று, அவ்வளவுதான் நம்பிக்கை.

உல்லையில் அலை சறுக்க வந்த வெள்ளைக்காரி ஒருத்தி
ஐப்பசியில் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன மஞ்சள் பை
பொத்துவில் பஸ் கண்டக்டரின் காலடியில் வந்து சேர்ந்தது.
ஸிப் இல்லை. வாயை மூன்று சுருட்டுச் சுருட்டிக் கொளுவ வேண்டும்.
உதறினால் இன்னும் மணல் கொட்டியது.

ஞாயிறு, கிணற்றடி.
கந்தோர் நண்பனின் லப்டொப் பை,
சுபோதினி கொண்டு வந்த உரப்பை,
இந்த மஞ்சள்.
ஒவ்வொன்றுக்கும் மூன்று பப்படம், ஒரு பேப்பர் தாள்,
பன்னிரண்டு வாளித் தண்ணீர்.

லப்டொப் பைக்குள் பப்படம்
யானைக் காது போலத் தொங்கியது.
'மணமகன் தேவை' பக்கம் முழுக்கக் கரைந்து
அம்மா மட்டும் கவலைப்பட்டா.
உரப்பையில் இரண்டு தப்பியது, ஒன்று போய்விட்டது.
மஞ்சளில் கை விட்டு ஒன்றை எடுத்து முறித்தேன்:
சடக்.
பக்கத்து வளவு நாய் தலையை நிமிர்த்திப் பார்த்தது.

சாமான்களைப் பரப்பி வைத்து
நனையக் கூடாதது எது எது என்று பிரித்தோம்.
லைசன், இன்சூரன்ஸ், சார்ஜர்.
காலுறை நனையலாம் என்றாள். நான் விடவில்லை.
அலுமாரிக்கு மேலே கண் போனது.
அந்த மார்கழிக்குப் பிறகு
எங்கள் வீட்டுக் காணி உறுதியும்
எல்லாருடைய பிறப்புப் பத்திரமும்
(இல்லாமல் போன இருவருடையதும்)
பொலித்தீன் மேல் பொலித்தீன் சுற்றி
நைலோன் கயிற்றால் கட்டி, ஆள் உயரத்துக்கும் மேலே.
அதை ஒருவரும் வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை.
சுபோதினியும் பார்த்தாள்.
பிறகு செயினுக்கு எண்ணெய் போதுமா என்று கேட்டாள்.

வெருகலில் பிடித்த மழை மூதூரில் விடவில்லை.
ஹெல்மட்டுக்குள் மழை, சப்பாத்துக்குள் மழை,
லொறி ஒன்று கடந்தால் கீழிருந்தும் மழை.
முல்லைத்தீவு அறையில் பையை விரித்தோம்.
வெளியிலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை.
ஆனால் காலையில் அவசரத்தில்
ஈரத் துவாயைத் திணித்திருக்கிறேன்.
சேட்டு, காலுறை, சார்ஜர் வயர்,
எல்லாவற்றிலும் நேற்றைய குளிப்பு நாறியது.
தண்ணீரை உள்ளே விடாத பை
வெளியேயும் விடாது என்று
கடைக்காரர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடியில் ஏதோ கையில் ஒட்டியது.
கிணற்றடியில் எடுக்க மறந்த இரண்டு பப்படம்,
துவண்டு, ஒன்றோடொன்று ஒட்டி.

"குடு இஞ்ச" என்று வாங்கி
சுபோதினி ஒன்றைச் சுருட்டி வாயில் போட்டாள்.
"உப்பு நல்லா இருக்கு."